வாரம் நூறு நிமிஷம்

"இது உங்க கையெழுத்துதானே மேடம்?"

பேண்ட் வாத்தியார் நைகார்ட் ஒரு பயிற்சி அட்டையை மேஜைமேல் தள்ளினார். டாரீன் குனிந்து பார்த்தாள். திங்கள் இருபது நிமிஷம், செவ்வாய் இருபது என்று போய், வெள்ளியோடு மொத்தம் நூறு. கீழே அவளுடைய கையெழுத்து அம்சமாக இருந்தது.

"என்னுதுதான் சார்."

"அப்போ உங்க பையன் கோடி போன வாரம் நூறு நிமிஷம் வீட்டுல டிராம்போன் வாசிச்சான்?"

"வாசிச்சானே! உயிரைக் குடுத்து வாசிச்சான்."

நைகார்ட் எழுந்துபோய்ச் சுவர் அலமாரியைத் திறந்தார். உள்ளே கோடியின் டிராம்போன், அந்த நீளமான பித்தளை ஊதுகுழல், பெட்டியோடு இருந்தது.

"ரெண்டு வாரமா சாயங்காலமெல்லாம் இது இங்கேயேதான் தூங்குது. வீட்டுல அவன் என்னத்தை வாசிச்சான், சீப்பையா?"

டாரீனுக்கு முகம் சிவந்துவிட்டது.

விஸ்கான்சினில் அந்தச் சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நைகார்ட் ரொம்பக் கறார். வாரத்துக்கு ஒரு நாள் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்கார வைத்துப் பாடம் எடுப்பார். மீதியை வீட்டில் வாசிக்க வேண்டும். வாசித்ததற்குப் பெற்றவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். அதில் கோல்மால் என்றால் டிசம்பர் கச்சேரியில் இடம் கிடையாது.

"சார், நீங்க எங்க வீட்டைப் பார்த்ததில்ல" என்று டாரீன் ஆரம்பித்தாள். "ரெண்டே ரூம். இவன் அதை வாயில வெச்சா நாய் கட்டிலுக்கு அடியில ஓடிடுது. எங்க வீட்டுக்காரர் குப்பை போட்டுட்டு வரேன்னு போய் அரை மணி நேரம் பனியில நிக்கிறாரு. இத்தனை வருஷத்துல ஒரு நாள் அவர் குப்பைப் பையைத் தொட்டதில்ல சார்! நான்தான் கோடிகிட்ட, அதைப் பள்ளிக்கூடத்துலயே வெச்சுட்டு வாடான்னு சொன்னேன். தப்பு என்னுது. பையனை ஒண்ணும் பண்ணிடாதீங்க."

நைகார்டுக்கு இதுதான் வேண்டியிருந்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"கையெழுத்துங்கிறது நாம குடுக்கிற வாக்கு மேடம்! பெத்தவங்களே பொய் எழுதினா பிள்ளைங்க என்னத்தைக் கத்துக்கும்? சத்தமா இருக்காம், சத்தம்! நான் தினம் எண்பது பிள்ளைங்க வாசிக்கிறதைக் கேக்கறேன். என்னைக்காவது காதைப் பொத்தியிருப்பேனா?"

"இல்ல சார்."

"கோடிக்குக் கச்சேரி கிடையாது."

டாரீனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அவன் தனியா வாசிக்க ஒரு சின்ன இடம் குடுத்திருக்கீங்களே சார். மொத்தமே ஆறு ஸ்வரம். அதை பெட்ரோல் பங்க்குல சொல்லிட்டான், பேக்கரியில சொல்லிட்டான், பல் டாக்டர்கிட்ட வாயைத் திறந்துட்டே சொல்லிட்டான். இனிமே அவன் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வெளியே போவான்?"

நைகார்ட் கல்நெஞ்சக்காரர் இல்லை. கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார்.

"சரி, ஒரே ஒரு சான்ஸ் தரேன். இந்த வாரம் அவன் நிஜமாவே வாசிக்கணும். உங்க கையெழுத்தை நான் நம்பத் தயாரில்லை, நானே கேக்கணும். தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு என் வீட்டுக்கு போன் போடுங்க. போனைப் பக்கத்துல வெச்சுட்டு இருபது நிமிஷம் வாசிக்கட்டும். ஒரு நாள் தவறினாலும் அவ்வளவுதான்."

டாரீன் ஏழெட்டுத் தடவை நன்றி சொல்லிவிட்டு, டிராம்போன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலம் சரியாக ஆறு மணிக்கு, அடுத்த ஊரில் இருக்கும் நைகார்ட் வீட்டில் போன் அடித்தது. அவர் ஸ்பீக்கரைப் போட்டு, போனைச் சமையலறை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் இரண்டு நிமிஷம் வாத்தியாராகவே கேட்டார். மூன்றாவது நிமிஷம் சேற்றில் மாட்டிக்கொண்ட மாடு கத்துவது மாதிரி ஒரு சத்தம் வந்தது. நான்காவது நிமிஷம் அந்த மாட்டுக்குத் துணை கிடைத்தது. கோடி வீட்டு நாயும் சேர்ந்துகொண்டது போலிருக்கிறது.

நைகார்ட் போனைக் கவிழ்த்து வைத்தார். மேலே ஒரு துண்டைப் போட்டார். போதவில்லை. இன்னொரு துண்டையும் போட்டுவிட்டு சூப்பைக் குடிக்க ஆரம்பித்தார்.

அப்போது மாடியிலிருந்து அவருடைய மகள் பிரிட்டா இறங்கி வந்தாள். அந்த ஊர்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. அங்கே பேண்டுக்கு வேறு வாத்தியார்தான், ஆனால் அட்டையும் நூறு நிமிஷமும் அங்கேயும் உண்டு. கையில் கிளாரினெட் பெட்டி வைத்திருந்தாள்.

"அப்பா, நான் கொஞ்சம் வாசிக்கட்டுமா?"

"பெட்டியை மூடு கண்ணு."

"இருபது நிமிஷம்தான்பா. என் அட்டையில இந்த வாரம் இன்னும்..."

"அதெல்லாம் அப்பா பார்த்துக்கிட்டேன். கிறிஸ்துமஸ் வரைக்கும் வாரா வாரம் நூறுன்னு எழுதி, கையெழுத்தும் போட்டு வெச்சுட்டேன். நாள் பூரா கேட்டுட்டு வர்ற மனுஷன் வீட்டுலயாவது நிம்மதியா இருக்க வேண்டாமா? போய் டிவி பாரு செல்லம்."

பிரிட்டா தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள். வீடு அமைதியாகிவிட்டது. வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே அமைதியாக இருந்தது. டிராம்போன் எப்போது நின்றது என்று நைகார்டுக்குத் தெரியவில்லை. கரண்டி அப்படியே வாய்க்குப் பக்கத்தில் நின்றுவிட்டது.

இரண்டு துண்டுக்கும் அடியிலிருந்து டாரீனின் குரல் ரொம்ப மரியாதையாகக் கேட்டது.

"சார், கச்சேரிக்குக் கோடி வெள்ளைச் சட்டை போடணுமா, கறுப்புச் சட்டையா?"