கண்ணாடி அலமாரிக் கத்திகள்

“எங்க உம்மா குடுத்த அருவாமனையக் காணோமே, மச்சான்?” என்றாள் ஹாஃபிஸா.

“அந்தத் துருப்பிடிச்ச சனியனா? எடைக்குப் போட்டுட்டேன்.”

ஃபாஜில் கண்ணாடி அலமாரியைத் திறந்து, கொம்புப் பிடி போட்ட தன் வேட்டைக் கத்திகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். துபாயில் வாங்கியது, ஜெர்மனியிலிருந்து வரவழைத்தது என்று ஒவ்வொன்றும் அவனுக்குப் பிள்ளை மாதிரி.

“அது என் சீதனம்.”

“இரும்பு இரும்புதானேடி!”



மறுவாரம் நாகூர்க் கடைத்தெருவிலிருந்து அவன் வீடு திரும்பியபோது, தட்டு நிறையப் பேரீச்சம்பழம். இரண்டை வாயில் போட்டுக்கொண்டான்.

“தேனா இனிக்குதே! யாரு மக்காவுக்கு உம்ரா போயிட்டு வந்தது?”

“யாரும் போகல. தெருவுல பழைய இரும்புக்காரன் வந்தான்.”

ஃபாஜில் அலமாரியைத் திரும்பிப் பார்த்தான். கண்ணாடிக்குப் பின்னால் வெறும் பலகை.

“கொம்புப் பிடிக்கு மட்டும் எடை கழிச்சுட்டான், மச்சான்,” என்று தட்டை நகர்த்தினாள் ஹாஃபிஸா. “இன்னும் ரெண்டு சாப்பிடுங்க.”