கண்டாலா இறக்கத்துக்கு ஒரு கொக்கி

"உசிரே போனாலும் கழறக் கூடாது பாய். அப்படி ஒரு கொக்கி வேணும்" என்றான் செல்லத்துரை.

ஜெயினுலாப்தீன் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். தாராவியில் இருக்கும் தன்னுடைய வெல்டிங் பட்டறைக்கு இவன் ஒருநாள் வந்து நிற்பான் என்று மூன்று மாதமாகப் பயந்துகொண்டிருந்தார். வந்தவன் சட்டையைப் பிடித்து உலுக்கவில்லை, கெட்ட வார்த்தை ஒன்றும் பேசவில்லை. கொக்கி கேட்கிறான்.

வாசலில் புது ஜீப் நின்றது. பக்கத்தில் செம்பூர் காண்ட்ராக்டரின் காரவன். யாரோ ஒரு வெள்ளைக்காரன் விட்டுப்போன, கட்டிலும் அடுப்பும் வைத்த பின்வண்டி. புனா பக்கம் ரோடு வேலை பார்க்கப் போகும்போதெல்லாம் ஜீப் முன்னால் இழுக்க, காண்ட்ராக்டர் அதில் படுத்துத் தூங்கிக்கொண்டே போவார்.

பழைய ஜீப் அறுபத்தாறாம் வருஷத்து ஆடி மாதம் கண்டாலா இறக்கத்தில் பள்ளத்துக்குள் போய்விட்டது. ஓட்டிய நயினாரும் அதோடு போனான். செல்லத்துரையின் கூடப்பிறந்த அண்ணன். கொக்கி கழன்று, காரவன் பின்னாலிருந்து முட்டித் தள்ளிவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். காரவன் ரோட்டோரக் கல்லில் மோதி நின்றுவிட, உள்ளே படுத்திருந்த காண்ட்ராக்டருக்கு நெற்றியில் ஒரு கீறலோடு சரி.

அந்தக் கொக்கியைச் செய்து மாட்டியவர் ஜெயினுலாப்தீன். இப்போது அண்ணன் இடத்தில் தம்பி டிரைவர்.

"இதப் பாரு" என்று உருண்டை வைத்த கொக்கி ஒன்றை எடுத்துக் காட்டினார். "குண்டு மேல குல்லாப் போட்ட மாதிரி உக்காந்துக்கிடும். நல்லாத் திரும்பும்."

"மேடு பள்ளத்துல வண்டியத் தூக்கிப் போட்டா குல்லா கழண்டுராதா?"

"ரொம்பத் தூக்கிப் போட்டா கழறும்தான்."

"அப்ப வேண்டாம்."

குர்லா பழைய இரும்புக் கடையில் வாங்கிவைத்திருந்த ராணுவக் கொக்கியை இரண்டு கையாலும் தூக்கி வைத்தார். சண்டைக் காலத்தில் பீரங்கி இழுத்த சாமான். காரவன் வளையத்தை அதன் வாயில் மாட்டி, கட்டைவிரல் பருமனுள்ள இரும்புப் பின்னைச் செருகிவிட்டால் யானை இழுத்தாலும் வராது. செல்லத்துரை அதைத் தடவித் தடவிப் பார்த்தான்.

"இந்தப் பின்ன உருவ முடியாதபடி வெல்டு வச்சிருங்க."

"பொறவு காரவன எப்படிலே கழட்டுவ?"

"கழட்டுத வேல வராது பாய்."

காண்ட்ராக்டர் வாரம் தவறாமல் சுற்றுகிறவர், அதைத்தான் சொல்கிறான் என்று ஜெயினுலாப்தீன் நினைத்துக்கொண்டார். பக்கத்துக்கு ஒன்றாகச் சங்கிலியும் போட்டு, அதையும் வெல்டு வைக்கச் சொன்னான். இவ்வளவு கேட்டவன், கடைசியாக அவர் எடுத்துவைத்த இரண்டு வில்லுப் பட்டைகளை மட்டும் கையால் ஒதுக்கினான். ஜீப்புக்கும் காரவனுக்கும் நடுவே இரண்டு பக்கமும் மாட்டினால், இறக்கத்தில் பின்வண்டி வாலாட்டாமல் பிடித்துக்கொள்கிற பட்டைகள் அவை.

"இது கட்டாயம் வேணும்லே. வால் ஆட ஆரம்பிச்சா முன்வண்டியையும் சேத்து இழுத்துட்டுப் போயிரும்."

"ஆடுனா ஆடட்டும். கழறாம இருந்தா போதும்."

அவர் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. அண்ணனைக் கொன்றது கழன்ற கொக்கி. இவனுக்கு அது ஒன்றுதான் கண்ணில் நிற்கிறது என்று தோன்றியது. வெல்டிங் கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

வெல்டு வைக்க வைக்க மனசு ஆறவில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரே வருஷத்தில் இத்தனை அடியா விழும்? இவர்களுடைய தங்கை பூமாரி காண்ட்ராக்டர் பங்களாவில் சமையலுக்கு நின்றவள். தை மாதம் அங்கேயே செத்துப்போனாள், பதினெட்டு வயசில். ஸ்டவ் வெடித்துவிட்டது என்று காண்ட்ராக்டர் சொன்னார். அதற்குப் பிறகும் அண்ணன் அதே வீட்டு வண்டியைத்தான் ஓட்டினான், இப்போது தம்பியும் ஓட்டுகிறான். உப்பிட்டவரை நினைக்கிற இப்படிப்பட்ட பிள்ளைகளும் பம்பாயில் இருக்கிறார்களே என்று நினைத்தபடி சங்கிலிக்கு இன்னொரு சுற்று வெல்டு வைத்தார்.

வேலை முடிந்ததும் செல்லத்துரை ஜீப்பை முன்னும் பின்னும் வெடுக்கென்று எடுத்துப் பார்த்தான். கொக்கி இம்மி அசையவில்லை.

"ஏக்தம் பக்கா" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் ஜெயினுலாப்தீனுக்குத் தைரியம் வந்தது. ஒருத்தனுக்குச் செய்த தீங்கை அவனோ அவனுடைய ஆட்களோ பொறுத்தேன் என்று சொல்லாவிட்டால், எத்தனை தொழுதாலும் தீராது என்று நம்புகிறவர் அவர். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மூன்று மாதமாகச் சோறு இறங்காமல் கிடந்தார். ஓடிப்போய் ஜீப்பின் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"செல்லத்துரை, நான் செஞ்ச கொக்கி கழண்டுதான் நயினார் போனான். என்னயப் பொறுத்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ."

செல்லத்துரை என்ஜினை அணைக்கவில்லை. செம்பூரில் காண்ட்ராக்டரை ஏற்றிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் கண்டாலா தாண்ட வேண்டும். அவருடைய கையைக் கம்பியிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டான்.

"அண்ணன் வேணும்னேதான் பாய் பள்ளத்துல விட்டான்" என்றான். "உங்க கொக்கி கழண்டுதான் காண்ட்ராக்டரு பொழச்சிக்கிட்டாரு."