ஆறு மணிப் பாட்டு

"புருஷனைப் புதைச்சு முழுசா ஒரு மாசம் ஆகல. தினமும் ஆறு மணியானா ஆர்மோனியப் பெட்டியைத் திறந்துடறீங்க. அடுப்படி வரைக்கும் கேக்குது. ஊர் என்ன நினைக்கும், அக்கா?"

பக்கத்து வீட்டுக்காரி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டாள்.

தையல்கார அக்கா, பல்லிடுக்கில் இருந்த குண்டூசியை எடுத்துத் துணியில் குத்தினாள்.

"என்ன நினைக்கும்?"

"துக்கம் தெரியாதவன்னு நினைக்கும். அதுவும் சுதி சேராத பாட்டு. மாதா கோயிலுக்குள்ள புகுந்து பதினோரு பேரைச் சுட்டானுங்க. உங்க வீட்டுக்காரரும் அதுல ஒருத்தர். என் மகளை அணைச்சுக்கிட்டு நான் பெஞ்சுக்கடியில கிடந்தேன். அன்னிக்கே பாட்டுப் புத்தகத்தைப் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். உங்களுக்கு மட்டும் எப்படி வாய் வருது?"

"பாடிக்கிட்டு இருந்தவரைத்தான் சுட்டான். பாட்டு பாதியில நிக்கணும்னுதானே? அவன் சொல்லி நான் அடங்கறதா?"

"இது வீம்பு."

"வீம்புதான். ஆண்டவரோட கல்லறைக்குக் கல்லை வெச்சு, முத்திரை போட்டு, காவலும் போட்டாங்க. எழுந்து வந்துட்டார்ல? அவருக்கு இல்லாத வீம்பா எனக்கு?"

"வேதம் எனக்கும் தெரியும். கான்வென்ட்ல பாட்டுக் குழுவுக்கே நான்தான் முன்னால நின்னேன். ஆனா இது குழந்தை இருக்கிற வீடு. ஊரடங்கு சைரன் அடிச்சாலே கட்டிலுக்கடியில போய்க் கத்துவா. ரெண்டு வாரமாத்தான் டாக்டர் டானிக்ல தெளிஞ்சிருக்கா. அதைக் கெடுத்துடாதீங்க."

அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

"சரி, அப்புறம் பேசலாம். ஆறாகப் போகுது."

"பார்த்தீங்களா, நான் இங்க கிளிப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லிக்கிட்டிருக்கேன்." உள்ளே வந்து ஆர்மோனியத்துக்குக் குறுக்கே நின்றாள். "இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்."

"நகரும்மா."

"மாட்டேன்."

சைரன் அலறியது.

அதையும் மீறிச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வீறல். நாற்காலி உருண்டு விழும் சத்தம்.

"ஐயோ, பாப்பா..." என்று பக்கத்து வீட்டுக்காரி வாசலுக்குத் திரும்பினாள்.

அந்த இடைவெளி போதும் அக்காவுக்கு. சுவரோடு ஒட்டிக் கிடந்த பெட்டியின் முன் உட்கார்ந்து, தொண்டை கிழிய ஆரம்பித்தாள்.

"கல்லும் புரண்டது, காலை பிறந்தது..."

வீறல் நின்றது.

சுவரில் டொக், டொக்கென்று இரண்டு தட்டு. பிறகு ஒரு சின்னக் குரல், முதலில் நடுங்கி, அப்புறம் சைரனோடு சண்டைக்குப் போவதுபோல, அடுத்த அடியைப் பிடித்துக்கொண்டது.

பக்கத்து வீட்டுக்காரி வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மகள் பாடி அவள் கேட்டதில்லை.

"ரெண்டு வாரமா... தினமுமா, அக்கா?"

அக்கா பாட்டை விடாமல் தலையை மட்டும் அசைத்தாள். சைரன் இன்னும் ஓயவில்லையே.

பக்கத்து வீட்டுக்காரி செருப்பைக் கழற்றிப் போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியருகே வந்து உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க. ரெண்டாவது அடியில உங்களுக்குச் சுதி இறங்குது. நான் எடுக்கறேன்."