ஒளித்து வைத்த சுவிட்ச்

மறுபடியும் மனைவி. ‘இவளுக்கு வேறு வேலையே இல்லை’ என்று அழைப்பைத் துண்டித்தார் மெக்கானிக். அடுத்து வந்தது தெரியாத நம்பர். உடனே எடுத்தார்.

“அண்ணே, ஆக்டிங் டிரைவர் பேசுறேன். ஒரு அம்மாவோட காரை ஓட்ட வந்திருக்கேன். லைட் எரியுது, ஹாரன் அடிக்குது, சாவியைத் திருப்பினா சத்தமே இல்ல.”

“அப்ப பேட்டரி நல்லாத்தான் இருக்கு. திருட்டுக்குப் பயந்து எங்கயாவது சுவிட்சை ஒளிச்சு வச்சிருப்பாங்க. வண்டிக்காரரைக் கேளுப்பா.”

“அந்தம்மா கூப்பிட்டுப் பார்த்துட்டாங்க. வீட்டுக்காரர் போனையே எடுக்கலையாம்.”

“இப்படியும் ஒரு மனுஷன். சரி, சீட்டுக்கு அடியில தடவிப் பாரு. நானா இருந்தா அங்கதான் வைப்பேன்.”

எஞ்சின் உறுமியது. மெக்கானிக் சிரித்துக்கொண்டார்.

“எங்கம்மா போகணும்?” டிரைவர் கேட்பது போன் வழியே காதில் விழுந்தது.

“எங்க அண்ணன் வீட்டுக்கு. இனி அங்கதான் இருக்கப் போறேன்.” மனைவியின் குரல். “பார்த்தீங்களா, வெளியாள் கேட்டா எவ்வளவு பொறுமையாப் பதில் சொல்றார்.”