அம்மனுக்கு நேர்ந்த கோழி

கணவர் எழுந்து நடக்க வேண்டும் என்று அம்மனுக்கு நேர்ந்துவிட்ட கோழி, மறுவாரமே காலை ஒடித்துக்கொண்டது. ஊனமானதை அம்மன் ஏற்கமாட்டாள். மரகதம் அதன் காலுக்குக் குச்சி வைத்துக் கட்டி, கட்டிலில் கிடப்பவருக்கு ஒரு வாய், மடியில் கிடப்பதற்கு ஒரு வாய் என்று கஞ்சி ஊட்டினாள். மூன்றாம் மாதம் நாத்தனார் பாப்பாத்தி வந்து நின்றாள்.

“இன்னுமா கட்ட அவுக்கல மதினி?”

“எலும்பு கூடலத்தா.”

“கூடுனதும் அறுத்துக் குடுத்துருவோம், அண்ணன் எந்திரிச்சிரும். நீ என்னடான்னா பெத்த புள்ள மாதிரி கொஞ்சிக்கிட்டிருக்க.”

“கொஞ்சுறேனா? ரெண்டுக்கும் பீ அள்ளியே இடுப்பு விட்டுப்போச்சு.”

“சரி, செவ்வாக்கெழம வந்து பாக்குறேன்.”

அவள் போனதும், கணவர் உறங்கிவிட்டார் என்று நினைத்து மரகதம் கட்டை அவிழ்த்தாள். கோழி இரண்டு காலையும் ஊன்றிக் கட்டிலைச் சுற்றி நடந்தது.

“எத்தன நாளா நடக்குது?” என்றார் கணவர்.

“இருவது நாளா.”

அவர் வெகுநேரம் அதன் நடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விளங்குகிற கையால், கட்டிலில் கிடந்த துணியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“நல்லா இறுக்கிக் கட்டு. செவ்வாக்கெழமைக்குள்ள அவுந்துரப் போகுது.”