முதன்மைப் பாடம்

“மெஷினைப் பத்தி எழுதத்தானே போறா மேடம், ஓட்டவா போறா?” என்று கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர் சிரித்தார்.

அம்மாவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

மகள் முடிவு செய்து ஒரு வருடம் ஆகிவிட்டது. டெக்னிக்கல் ரைட்டர்தான் ஆகப் போகிறாள்; மெஷின்களுக்கான பயன்பாட்டுக் கையேடு, அதாவது மேனுவல், எழுதுகிற வேலை. வீட்டுக்குப் புது இஸ்திரிப் பெட்டி வந்தால் மற்றவர்கள் சூடேற்றிப் பார்ப்பார்கள். அவளோ பெட்டியோடு வந்த மேனுவலை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய்ப் பென்சிலால் திருத்துவாள்.

ஆலோசகரின் கணினித் திரையில் ‘முதன்மைப் பாடம்’ என்ற கட்டத்துக்குள் ‘மொழியும் இலக்கியமும்’ ஏறியிருந்தது. பெற்றோர் சம்மதம் என்ற ஒரு கட்டம் மட்டும் காலி.

ஆலோசகர் நல்ல மனிதர்தான். காலையிலிருந்து பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியிருந்தும் பொறுமையாகத்தான் பேசினார். மொழி நன்றாக வந்தால் போதும், மெஷினில் சந்தேகம் வந்தால் இன்ஜினியரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்றார்.

“கேட்டுக்கலாமா?” அம்மாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. “என்ன கேக்கணும்னு தெரிஞ்சாத்தானே சார் கேப்பா?”

பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மகள் மேஜைக்கு அடியில் அம்மாவின் முழங்கையை அழுத்தினாள். அம்மா கையை உதறிக்கொண்டாள்.

ஆலோசகருக்கு இது புதிதில்லை. இலக்கியம் என்றாலே முகம் சுளிக்கும் பெற்றோர் ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது வருகிறார்கள். அவர்களுக்கென்று வைத்திருந்த பட்டியலை எடுத்தார். இங்கே இலக்கியம் படித்துவிட்டு எந்தெந்தக் கம்பெனியில் யார் யார் மேனுவல் எழுதுகிறார்கள் என்று விரலை வைத்துக் காட்டினார்.

அந்தப் பட்டியல்தான் அம்மாவை இன்னும் கிளப்பிவிட்டது.

இத்தனை பேரில் எத்தனை பேர் தாங்கள் எழுதுகிற மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு நாளாவது நின்றிருக்கிறார்கள் என்று கேட்டாள். அதன் சத்தம் தெரியுமா, சூடு தெரியுமா என்று கேட்டாள். மகளுக்கு மெக்கானிக்கல் போடுங்கள், எழுத்து துணைப் பாடமாக இருக்கட்டும் என்றாள். கேட்டாள் என்பதைவிட அதட்டினாள் என்று சொல்லலாம்.

மகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழாமல் இருப்பதற்காகவே கோபப்பட்டாள்.

“நீயும் லிட்டரேச்சர்தானேம்மா படிச்ச? உனக்கு என்ன கெட்டுப்போச்சு இப்போ?”

அம்மா பள்ளியில் மொழிப் பாடம் நடத்துகிறவள். பதினெட்டு வருடமாக அதே பள்ளிதான். அவளிடம் படித்தவர்கள் இன்றைக்கும் தெருவில் பார்த்தால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் பேசுகிறார்கள்.



“ஒரே ஒரு காரணம் சொல்லு. சரியா இருந்தா நானே மாத்திக்கறேன்” என்றாள் மகள்.

அம்மா மேஜையைப் பார்த்துக்கொண்டு ஒரு வாக்கியத்தை ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். ‘சுவிட்சை அணைத்த பின்னர், மூடியைத் திறந்து துணிகளை வெளியே எடுக்கவும்.’

“இதுல என்ன தப்பு?” என்று அம்மா கேட்டாள்.

மகள் மனசுக்குள்ளேயே பென்சிலை எடுத்துத் தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. தெளிவாக, சுருக்கமாக, யாருக்கும் புரிகிற மாதிரி இருந்தது. ஆலோசகரும் உதட்டைப் பிதுக்கினார்.

அப்புறம் அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

அது ஆஸ்பத்திரி சலவை அறைகளில் துணியைப் பிழிகிற பெரிய மெஷின். சுவிட்சை அணைத்தாலும் உள்ளே இருக்கிற டிரம் உடனே நிற்காது. முழுதாக நிற்க நாற்பது விநாடி ஆகும். சலவை அறையில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், ஒரு பெண் மேனுவலைப் படித்தாள். அதில் சொன்னபடியே சுவிட்சை அணைத்தாள். சொன்னபடியே மூடியைத் திறந்தாள். துணியை எடுக்கக் கையை விட்டாள்.

ஆலோசகர் கண்ணை இறுக மூடித் திறந்தார்.

விசாரணை நடந்தது. அந்த வாக்கியத்தை எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்துக் காட்டினார்கள். வாக்கியத்தில் பிழை ஏதும் இல்லை என்றார்கள். டிரம் நிற்கிறவரை காத்திருக்கத் தெரியாதது தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள்.

“அநியாயம்மா இது!” மகள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. “அவங்க சொன்னபடிதானே செஞ்சாங்க? அதை எழுதின ஆளை யாருமே ஒரு வார்த்தை கேக்கலையா?”

“மேனுவல்ல எழுதின ஆளோட பேரு போடமாட்டாங்க” என்றாள் அம்மா.

கைப்பையைத் திறந்தாள். எதையும் எடுக்காமல் மூடினாள்.

“ஸ்கூலுக்கு வர்றதுக்கு முன்னாடி, அந்த விசாரணையில நான் மூணாவது நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன். யாரும் கேக்கல. நானா எழுந்து ‘நான்தான்’னு சொல்லவும் இல்ல.”

ஆலோசகர் திரையில் ‘மொழியும் இலக்கியமும்’ என்றிருந்ததை மெல்ல அழித்தார்.

மகள் அவரைத் தடுக்கவில்லை. அம்மாவின் பக்கம் திரும்பவும் இல்லை.