வலையின் மறுமுனை

தமிழ்நாட்டிலிருந்து மொழி தெரியாத அந்த ஏரிக்கரை நாட்டுக்கு ஊழியத்துக்கு வந்த போதகர் அருமைநாயகத்துக்கு ஒரு வாரப் பிரசங்கத்தில் தொண்டை கட்டிவிட்டது. மறுநாள் பெரிய கூட்டம் என்பதால், ஓய்வு நாளான அன்று ஒரு வார்த்தை பேசக்கூடாது என்றாள் மனைவி சொர்ணபாய். "வாயத் தொறந்தீங்கன்னா நாளைக்கு நாந்தான் மேடையேறணும், பாத்துக்கிடுங்க." அவர் சிரித்துக்கொண்டே கரைக்கு நடந்தார். அங்கே ஒரு பெண் கிழிந்த மீன்வலையைத் தைத்துக்கொண்டிருந்தாள். அது போன மாதம் ஏரியில் மூழ்கி இறந்த அவள் மகனுடைய வலை. முந்தின நாள் துக்கம் கேட்கப் போய் அவள் வாசலில் நின்று அவர் உரத்து ஜெபித்தபோது கதவைச் சாத்திக்கொண்டவள். மன்னிப்புக் கேட்கவும் இன்று குரல் இல்லை. வலையின் மறுமுனையை எடுத்து இழுத்துப் பிடித்தபடி எதிரே உட்கார்ந்தார். வெயில் சாயும் நேரத்தில் அவள் தன் மொழியில் பேசத் தொடங்கினாள். நடுவில் ஒருமுறை சிரித்தாள், பிறகு நெடுநேரம் அழுதாள். ஒரு சொல்லும் விளங்காமல் அவர் வலையை விடாமல் பிடித்திருந்தார். அவரைத் தேடி வந்த மொழிபெயர்ப்பாளன் மோசே, மதுரையில் படித்தவன், திகைத்து நின்றான். "ஐயா, எங்க ஊர்ல துக்கம் கேக்க வர்றவங்க பேச மாட்டாங்க. அவங்களா பேசுற வரைக்கும் கூட உக்காந்திருப்பாங்க. மகன் போனதுக்கப்புறம் இந்தம்மா இன்னைக்குத்தான் பேசுறாங்க. வலை இன்னும் பாதி தைக்கணுமாம்." மறுநாள் விடியலில் அருமைநாயகத்தின் குரல் தெளிவாகத் திரும்பியிருந்தது. "மேடைக்கு நீ போ, சொர்ணம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் ஏரிக்கரைக்கு நடந்தார்.